ஆறு நிமிஷப் பாடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டுக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "பத்து மணி வரை தயவு செய்து மணி அடிக்காதீர்கள்." அந்த வீட்டுச் சிநேகிதி ஒரு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக் கொடுக்கிறாள். வாரம் பூராவும் கத்துகிற தொண்டை, பாவம், அயர்ந்து தூங்குகிறாளாக்கும் என்று எண்ணிக்கொண்டேன். பதினோரு மணிக்கு அரை மூடி தேங்காய் கேட்டு வந்தவளின் முகத்தைப் பார்த்தால் தூங்கினவளாகத் தெரியவில்லை.

"ஆறு மணியிலேருந்து பேசறேன். ஆறு நிமிஷம் தேறலை" என்றாள்.

சமாசாரம் இதுதான். பாடங்களைச் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்துத் தரும்படி கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று ஆறு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. பையன்களும் பெண்களும் அதை வீட்டிலேயே பார்த்துவிட்டு வரவேண்டும். வகுப்பு நேரம் கேள்விக்கும் கணக்குக்கும். 50 நிமிஷம் சரளமாகப் பேசுகிறவளுக்கு ஆறு நிமிஷம் ஒரு பிரமாதமா என்று கேட்காதீர்கள். எங்கள் ஆசிரியர் மூன்று பக்கக் கட்டுரை கேட்டால் எனக்கு ஒரு சாயங்காலம் போதும். அதையே அரைப் பக்கத்தில் கேட்டால் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது!

ஆறு நிமிஷம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 2012-இல் 'எட்எக்ஸ்' என்ற இணையக் கல்வி நிலையத்தைத் தொடங்கின. அதன் நான்கு பாடத்திட்டங்களில் இருந்த 862 வீடியோக்களை மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பிலிப் குவோவும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். 69 லட்சம் தடவை பார்த்த விவரம் அவர்கள் கையில் இருந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, பாதிப் பேர் ஆறு நிமிஷத்துக்குள் எழுந்து போய்விடுகிறார்களாம். வகுப்பில் பேசியதை அப்படியே படம்பிடித்துத் துண்டு போட்டாலும் எடுபடவில்லை. பணத்தைக் கொட்டி ஸ்டூடியோவில் எடுத்ததைவிட, வாத்தியார் தம் மேஜையருகே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசியது சில சமயம் நன்றாகவே எடுபட்டது.

சிநேகிதி இதெல்லாம் தெரிந்தவள்தான். 'போன வகுப்பில் என்ன பார்த்தோம்', 'பின் பெஞ்சில் பேசாதே' எல்லாவற்றையும் கழித்துவிட்டாள். எழுதி வைத்துப் படித்தாள். வானொலிச் செய்தி மாதிரி இருந்தது. மனப்பாடம் செய்து ஒப்பித்தாள். பேச்சுப் போட்டி மாதிரி இருந்தது.

"வகுப்பிலே 60 முகம் இருக்கும். ஒரு புருவம் சுருங்கினா போதும், புரியலைன்னு தெரிஞ்சுடும், வேறே விதமா சொல்லிடுவேன். இந்தக் கண்ணாடிப் பொட்டு என்னத்தைச் சொல்லும்?"

நான் சல்மான் கான் கதையைச் சொன்னேன். சினிமாக்காரர் அல்ல, இவர் வேறு. 2004-இல் பாஸ்டனில் வேலையிலிருந்த இவர், நியூ ஆர்லியன்ஸில் இருந்த ஓர் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக் கொடுத்தார். 2006-இல் அந்தப் பாடங்களை யூடியூபில் போட ஆரம்பித்தார். முகம் கூடத் தெரியாது; கறுப்புத் திரையில் கிறுக்குவதும் குரலும்தான். நேரில் வருகிற அண்ணனைவிட யூடியூப் அண்ணனே மேல் என்று உறவுக் குழந்தைகள் சொன்னதாக அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், 'இது கூடவா தெரியவில்லை' என்று யாரும் முறைக்க மாட்டார்கள். "உலகத்துக்குப் பேசாதே, ஒருத்திக்குப் பேசு" என்று பெரிய நிபுணி மாதிரி யோசனையும் சொல்லித் தேங்காயையும் கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால், அரிசி டப்பாவின் மேல் செல்போன் நிற்கிறது. அதன் பின்னால் மோடாவில் மாமியார்! பாடம், திரவங்களின் கொதிநிலை. நீராவி அழுத்தம், வாயுமண்டல அழுத்தம் என்று நாலு வாக்கியம் போவதற்குள் மாமியார் கையை உயர்த்தினார்.

"ஏம்மா, கொதிக்கிற தண்ணி எங்கே கொதிச்சாலும் ஒண்ணுதானே? பாத்திரத்திலே வேகாத பருப்பு குக்கர்லே மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் வேகுது?"

சிநேகிதி தாளைக் கீழே போட்டாள். திறந்த பாத்திரத்தில் அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஆவியாகப் பறந்துவிடும். குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 120 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில்தான் பருப்பு குழைகிறது. அத்தைக்குச் சொன்னது அப்படியே பதிவாயிற்று. 5 நிமிஷம் 40 விநாடி. நடுவில் அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அடித்தது; அதை வெட்டவில்லை.

காபி குடிக்கும்போதுதான் இன்னொரு கணக்கைச் சொன்னாள். அவளுக்கு மாதச் சம்பளம் கிடையாது. எடுத்த வகுப்புக்கு மணிக் கணக்கில் பணம். மூன்று சாயங்காலங்களும் ஒரு ஞாயிறும் போகிற வேலையை எந்த மணியில் எழுதுவது என்று போன வாரமே ஆபீஸில் கேட்டாளாம். "வீடியோ ஆறு நிமிஷம்தானேம்மா?" என்றாராம் அங்கிருந்தவர்.

"அது கூடப் போகட்டும். 40 பாடமும் எடுத்துக் கொடுத்துட்டா, அடுத்த வருஷம் பாடம் அங்கே இருக்கும். நான் இருப்பேனா?"

முகம் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா என்று இழுத்தேன்.

"அதை நீ ஆபீஸிலே வந்து சொல்லு" என்றாள்.

மாமியார் அதற்குள் அலமாரியிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த பாடம் சவ்வூடு பரவலாம். மாங்காயில் உப்புப் போட்டதும் ஏன் தண்ணீர் விட்டுக்கொள்கிறது என்பது அவருக்கு ரொம்ப நாளாகச் சந்தேகமாம்.