கலவை நஞ்சும் ஏரி மீன்களும்

பங்காருபேட்டை வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. அருகே பேதமங்கலத்தின் வழியே செல்லும் பாலாறும் மழை பெய்தாலன்றி மணலாகவே கிடக்கிறது. ஆகவே இங்கு மீன் என்றால் பெரும்பாலும் ஏரி மீனே. வளர்ப்பதற்காக விடப்படும் கட்லா, ரோகு குஞ்சுகள் அழிந்தால் மறு ஆண்டு மீண்டும் விடலாம். எவரும் விடாமல் தாமே பெருகும் கெண்டை, கெளுத்தி, குரவை, விரால் ஆகியவற்றின் நிலை அதுவன்று.

ஏரிகளுக்கு மேட்டுப்புறத்தில் தக்காளியும் பிற காய்கறிகளும் பயிராகின்றன. ஒரே பருவத்தில் பல பூச்சிகொல்லிகளும் பூஞ்சணக்கொல்லிகளும் தெளிக்கப்படுகின்றன. இரண்டு மூன்றை ஒன்றாகக் கலந்து தெளிப்பாரும் உண்டு. (நஞ்சை ‘மருந்து’ என்று வழங்கும் பழக்கம் இவ்விஷயத்தில் பெருந்தீங்கு செய்திருக்கிறது.) மண்ணில் தங்கிய எச்சங்களை முதற் பெருமழை ஓடைகளில் கொண்டு சேர்க்கிறது. அவ்வேளையில்தான் நம் நாட்டு மீன்களிற் பல புதுவெள்ளத்தை எதிர்த்து வாய்க்கால்களில் ஏறி முட்டையிடுகின்றன. நஞ்சு மிகுந்து வரும் காலமும் மீனினம் மிக நொய்ந்திருக்கும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன.

இந்த அபாயத்தை அளக்கும் முறையோ வேறு உலகத்திற்கு உரியது. ஒரு நஞ்சைத் தனியாக எடுத்து, 96 மணி நேரத்தில் சோதனை மீன்களிற் பாதியைக் கொல்லும் அளவைக் கண்டறிவதே ஆய்வுக்கூட வழக்கம். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிகொல்லிச் சட்டத்தின்படி தயாரிப்புகள் பதிவு செய்யப்படுகின்றன. ஆலையிலேயே கலந்து விற்கப்படும் கூட்டுத் தயாரிப்புகளும் அவ்வாறே. பத்துத் தோட்டங்களின் வடிநீர் ஓர் ஏரியில் கூடி உண்டாகும் கலவைக்கு மட்டும் பதிவு இல்லை, பொறுப்பாளரும் இல்லை.

கலவைகள் எண்ணிறந்தவை, அனைத்தையும் சோதிக்க இயலாது என்று கூறப்படுகிறது. அது மெய்யே. பத்துப் பொருள்களிலிருந்து இரண்டிரண்டாக 45 கலவைகளும், மும்மூன்றாக 120 கலவைகளும் கிடைக்கும். ஆனால் அனைத்தையும் சோதிக்க வேண்டியதில்லை. நீரில் உள்ள ஒவ்வொரு பொருளின் அளவையும் அதன் பாதிக்கொல்லும் அளவால் வகுத்து, கிடைக்கும் பின்னங்களைக் கூட்டினாற் போதும். நான்கு நஞ்சுகள் ஒவ்வொன்றும் 0.3 பங்கு இருந்தால், தனித்தனியே பார்ப்பவருக்கு அபாயம் சிறிதாகவே தோன்றும், கூட்டுத்தொகையோ 1.2, அதாவது பாதி மீன்கள் மடியும் அளவையும் தாண்டியது. ஒரே விதமாகத் தாக்கும் நஞ்சுகளுக்கு இக்கணக்கு நன்கு பொருந்தும்; ஏனையவற்றுக்கு முதற் சல்லடையாகப் பயன்படும்.

சல்லடையில் சிக்காதவையும் உண்டு. அமெரிக்காவில் கோஹோ சால்மன் குஞ்சுகளை வைத்து நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தனித்தனியே கொல்லாத அளவிலிருந்த டயசினானும் மாலத்தியானும் சேர்ந்தபோது மீன்கள் மடிந்தன. மாலத்தியானைச் சிதைக்கும் நொதியை மற்றது முடக்கிவிடுவதே இத்தகைய விளைவுக்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

குடிநீருக்கான வரம்பைக் காட்டி ஆறுதல் கொள்வதும் பொருந்தாது. ஐ.எஸ். 10500 என்னும் 2012-ஆம் ஆண்டு இந்தியத் தரநிர்ணயம் குளோர்பைரிபாசுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இடந்தருகிறது. ஆய்வுக்கூடங்களில் பயன்படும் புளூகில் என்னும் அமெரிக்க மீன் 10 மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே மடிகிறது. மனிதன் பருகத்தக்கதென அத்தரநிர்ணயம் ஏற்கும் அளவு அம்மீனைக் கொல்லப் போதுமானது! ஐரோப்பியக் குடிநீர் விதியில் ஒவ்வொரு பூச்சிகொல்லிக்கும் 0.1 மைக்ரோகிராம் என்ற வரம்போடு, யாவும் சேர்ந்து 0.5-ஐத் தாண்டலாகாது என்ற வரம்பும் இருக்கிறது. அது மீனுக்காக ஏற்பட்டதன்று. எனினும் கூட்டுத்தொகை பார்க்கும் வழக்கத்துக்கு முன்மாதிரி.

கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு 2018 முதல் பெங்களூரின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரும் வந்து சேருகிறது. வறண்ட ஏரி நிரம்புவது மீனுக்கு நன்மையே. நகரத்து இரசாயனங்களின் எச்சங்களும் உடன் வரக்கூடுமாதலால் கூட்டற்கணக்கின் தேவை குறையவில்லை, வளர்ந்திருக்கிறது. சோதனையில் வெளிநாட்டு மீனோடு நம் கெண்டையும் கெளுத்தியும் இடம்பெற வேண்டும். நீர் மாதிரியைக் கோடையில் வசதியான ஒரு நாளில் எடுப்பதால் பயனில்லை. எடுக்க வேண்டியது முதற் பெருமழையன்று, வாய்க்காலில் நீர் கலங்கி ஓடும் சில மணி நேரத்திற்குள். அது தவறினால் அடுத்த வாய்ப்பு மறு ஆண்டில்தான்.