விக்டரி கட்டுகிறவர்களுக்கு

மரக்கப்பல் மாடல் கட்டுகிற நண்பர்களோடு எனக்கு ஒரு தீராத சண்டை இருக்கிறது. நானும் கட்டுகிறவன்தான், அதனால் இதை வெளியாள் வம்பு என்று தள்ளிவிட முடியாது. புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு ஏன் எல்லாரும் எச்.எம்.எஸ். விக்டரியையே கட்டுகிறீர்கள்?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இத்தாலியிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ ஒரு பெட்டி வரும். பெரிய கப்பல் என்றால் கஸ்டம்ஸ் வரியோடு விலை ஐந்து இலக்கம். உள்ளே லேசரில் வெட்டிய பிளைவுட் முதுகெலும்பு, குறுக்குச் சட்டங்கள், கட்டுக்கட்டாக மெல்லிய மரப்பட்டிகள், குட்டிப் பீரங்கிகள், நூல்கண்டுகள். முதுகெலும்பில் சட்டங்களைச் செருகி, பட்டிகளை நனைத்து வளைத்து ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். அதன் மேல் இன்னொரு அடுக்கு. ஒரு வருஷம் சாதாரணமாக ஓடிவிடும், பாய்க்கயிறு கட்ட ஆரம்பித்தால் கணக்கே கிடையாது. இலக்கிய நண்பர்கள் இதைப் பணக்காரப் பொம்மை என்று நக்கலடிப்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. அணியத்துக்கு அருகே பட்டி ஏன் குறுக வேண்டும் என்று விரல்களால் கற்றவனுக்கு, கப்பலின் வயிறு ஏன் அப்படி இருக்கிறது என்பது புரிந்துவிடுகிறது. கடல் நாவல் எழுதுகிற எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஆனால் பெட்டிகளின் பெயர்களைப் பாருங்கள். விக்டரி, சாண்டா மரியா, பவுண்டி, சோலேய் ரோயால். "ஹாபில போய் அரசியல் பேசாதப்பா" என்பார்கள். சரி, பேசவில்லை. தேதிகளை மட்டும் சொல்கிறேன். விக்டரி நீரில் இறங்கியது 1765இல். அதற்கு நான்கே வருஷம் முன்பு, 1761இல், இதே பிரிட்டிஷ் கடற்படை கடலை அடைத்து நிற்க, புதுச்சேரி விழுந்தது. கோட்டையையும் ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். அதற்காக விக்டரியைக் கட்டாதே என்கிறேனா? இல்லை. அழகான கப்பல். ஷோகேஸில் அது இருப்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. அதன் பக்கத்தில் நம் கரையின் ஒரு படகுகூட இல்லாததுதான் பிரச்சினை.

அந்தப் பெரிய கப்பல்களில் ஒன்றுகூடப் புதுச்சேரிக் கரையைத் தொட்டதில்லை. அன்று இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் அலை உடைகிற பகுதி. ஐரோப்பியப் படகை அதற்குள் விட்டால் அடி நொறுங்கும். கவர்னரானாலும் சரி, பீப்பாய் ஒயினானாலும் சரி, கரைக்கு வந்தது சலங்கில்தான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வருகிற அதே சலங்கு. பிரெஞ்சுக்காரர்கள் நாக்கில் அது ஷெலாங் ஆயிற்று. சென்னையில் வெள்ளைக்காரன் மசூலா என்று சொன்னதும் இதே இனம்தான். ஆணி கிடையாது. பலகைகளில் துளை போட்டு, இடையில் நாரோ வைக்கோலோ திணித்து, கயிற்றால் தைப்பார்கள். அலை மோதினால் விறைத்து நிற்காமல் நெளிந்து கொடுக்கும். தண்ணீர் உள்ளே கசியும், ஒரு ஆள் இறைத்துக்கொண்டே இருப்பான்.

மாடல் கட்டுகிறவனுக்கு இதைவிட ருசியான சவால் எது? நம் கிட்டில் முதலில் எலும்பு, பிறகு தோல். தைத்த படகிலோ தோல்தான் முதலில், எலும்பே கிடையாது. சட்டம் வைக்காமல் பலகையை எப்படி வளைத்துப் பிடிப்பது, தையலை எங்கே தொடங்குவது, எவ்வளவு இறுக்குவது? பத்துப் பெட்டிகள் கட்டிய அனுபவமும் இங்கே பாதிதான் உதவும்.

"கிட் இருந்தா கட்ட மாட்டோமா? பிளானே இல்லையே!" இது வழக்கமான பதில். பிளான் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பிரான்சுவா எட்மோன் பாரீஸ் போன இடமெல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்தவர். கோரமண்டல் கரையையும் விடவில்லை. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் படகுகளைப் பற்றி 1840களில் அவர் போட்ட பெரிய புத்தகத்தில் நம்முடையவையும் அளவுகளோடு இருக்கின்றன. 1871இலிருந்து 1893இல் சாகும்வரை லூவ்ரில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தை அவர்தான் நடத்தினார். அந்த வரைபடங்களை வைத்து மாடல்களும் செய்ய வைத்தார். அவர் நம் படகைக் கட்டினார், நாம் அவர் நாட்டு ராஜா கப்பலைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதியதும் கிடைக்கிறது. இரண்டு பேருமே காலனி அதிகாரிகள். திட்டுவதற்கு முன்னால், அவர்கள் கையில் டேப் இருந்தது, நம் கையில் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்வோம்.

கட்டுமரம் கதை இன்னும் மோசம். 1690களில் டாம்பியர் இந்தக் கரையில் பார்த்து எழுதிய சொல் ஆங்கிலத்துக்குள் போய் 'கேட்டமரான்' ஆயிற்று. இன்று அந்தப் பெயரில் கிட் தேடினால் இரட்டை உடல் வைத்த உல்லாசப் படகு வரும். கட்டும் கிடையாது, மரமும் பெயருக்குத்தான்.

வீராம்பட்டினத்துக்கு வாருங்கள். பக்கத்தில் அரிக்கமேடு. 1945இல் வீலர் தோண்டி ரோமானியச் சாடிகளை எடுத்ததைப் பாடப்புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். இந்த ஊரின் செங்கழுநீர் அம்மனே, மீனவர் வலையில் சிக்கிய ஒரு மரக்கட்டையாக வந்தவள் என்பது ஊர்க்கதை. விறகுக்காகக் கோடரி போட்டபோது ரத்தம் வந்ததாம். ஆடித் தேருக்கு இன்றும் கவர்னர் வந்து வடம் பிடிக்கிறார், பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கம். மரமும் கயிறும் இங்கே சாமி விஷயம். ஆனால் கரையில் வரிசையாக நிற்பவை ஃபைபர் படகுகள். மோட்டார் வந்தபோதே கட்டுமரம் குறையத் தொடங்கியது, 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் குவிந்தது. மீனவரை இதற்காகக் குறை சொல்கிறவனைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். கட்டுமரத்தில் போய் முதுகு ஒடிந்தது அவர்தான், அவர் எதில் போக வேண்டும் என்று ஷோகேஸ்காரன் தீர்மானிக்க முடியாது. அளந்து வைக்கிற வேலைதான் நம்முடையது. அதற்குத்தான் நமக்கு நேரமும் கண்ணும் ஒட்டுப்பசையும் இருக்கின்றன.

கட்டுமரம் நாலு குச்சியும் நூலும்தானே என்று நினைத்தால் ஒரு முறை செய்து பாருங்கள். நடுமரம் தாழ்ந்து ஓர மரங்கள் உயர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செதுக்கு. முன்னால் கொம்பு மேல்நோக்கிப் போகும். அளவு தப்பினால் தெப்பம்தான் வரும்.

இங்கே மட்டும் தேட வேண்டும் என்றும் இல்லை. தூத்துக்குடித் தோணி இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி இருக்கிறது. அவ்வூர் மாலுமிகளே ஓட்டிப்போக, 1938இல் அமெரிக்காவின் க்ளாஸ்டர் துறைமுகத்தில் போய் நின்ற பாய்க்கப்பல். இதற்கு ஏன் ஒரு பெட்டி இல்லை என்று இத்தாலிக்காரனைக் கேட்டுப் பயனில்லை. வாங்க ஆள் இருந்தால் அவன் போடுவான்.

எங்காவது ஒரு கட்டுமரம் கண்ணில் பட்டால், அது கடலிலிருந்து வந்து கட்டு அவிழ்த்துக் காயப்போடும் நேரத்தில் போங்கள். தண்ணீர் குடித்த மரம் கனக்கும், அதனால் பிரித்துத்தான் காயவைப்பார்கள். ஒவ்வொரு மரத்தையும் தனியாக அளக்க அதுதான் தோதான நேரம். மர அளவுகோலும் ஒரு நோட்டும் கொண்டு போங்கள். எந்த மரம், எங்கே வெட்டியது, கட்டு எத்தனை சுற்று என்று மரத்துக்காரரையே கேளுங்கள், அவர் சொல்கிற பெயரிலேயே எழுதுங்கள். மறுபடி கட்டும்வரை இருந்து, முடிச்சைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.