புள்ளத்தாச்சி தட்டில் என்ன இருக்கிறது?

"கர்ப்ப காலத்தில் எடையைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?" பெண்கள் பத்திரிகைகளில் இந்தக் கட்டுரை வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வந்துவிடும். காலையில் ஊறவைத்த பாதாம், பதினோரு மணிக்கு ஆப்பிள், சாயங்காலம் அரைமணி நேரம் நடை, ராத்திரி குங்குமப்பூ போட்ட பால். யாருடைய உடம்பை மனதில் வைத்து இதை எழுதுகிறார்கள்? விடிகாலையில் நாற்றுப் பறிக்கப் போய் வெயில் சாயும்வரை குனிந்து நிமிர்கிறவளுக்கு நடைப்பயிற்சி சொல்லித் தருகிற துணிச்சலை என்னவென்று சொல்ல! சரி, அவர்கள் பத்திரிகை அப்படி. நம்முடைய பத்திரிகைகள்? பஞ்சமி நிலம் எழுதினோம், தனிச் சுடுகாடு எழுதினோம், இரட்டைக் குவளை எழுதினோம். ஏழு மாத வயிற்றோடு கரும்பு வெட்டப் போகிறவள் மத்தியானம் என்ன தின்னாள் என்று எழுதவில்லை. அது 'பொம்பளைங்க சமாச்சாரம்' ஆகிவிட்டது.

தோழர்களே, கர்ப்பிணி அட்டையில் மாசாமாசம் எழுதுகிற அந்த எடை அவள் வாயை மட்டும் பொறுத்ததல்ல. கூலி, ஓய்வு, கறி, வெட்கம் நாலும் சேர்ந்துதான் அந்தக் கிலோ. ஆனால் திட்டு வாங்குகிறவள் அவள் ஒருத்திதான்.

முதலில் கணக்கைப் பேசுவோம். சாதாரண உடல்வாகு உள்ள பெண்ணுக்கு கர்ப்ப காலத்தில் 10 முதல் 12 கிலோ கூட வேண்டும் என்கிறது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். கூடுகிற கிலோவெல்லாம் கொழுப்பு என்று நினைக்கக் கூடாது. பிள்ளை மூணு கிலோ. நஞ்சு அரைக்கிலோவுக்கு மேல். பனிக்குடத் தண்ணீர் ஒரு கிலோவை ஒட்டி. கர்ப்பப்பை ஒரு கிலோ. கூடுதலாக ஊறும் ரத்தம் ஒன்றரைக் கிலோ. மிச்சம்தான் பால் கொடுப்பதற்காக உடம்பு சேர்த்து வைக்கிற கையிருப்பு. ஐந்தடி உயரத்துக்கு 43 கிலோவுக்கும் கீழே இருக்கிறவள் 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும், ரொம்பப் பருமனாக இருக்கிறவளுக்கு 5 முதல் 9 கிலோ போதும் என்று அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2009-ல் அளவு வகுத்தது. அதாவது ஒல்லியாக இருக்கிறவள்தான் அதிகம் ஏற வேண்டியவள். நம் தெருக்களில் நடப்பது இதற்கு நேர் எதிர்.

ஏன்? "நெறைய தின்னா புள்ள பெருத்துடும், பிரசவம் கஷ்டமாயிடும்" என்று ஆயாமார்கள் சொல்லுவார்கள். இதை மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். பெரியாஸ்பத்திரி எட்டாத தூரத்தில், ரத்தம் ஏற்ற ஆளில்லாத காலத்தில், தலைமாட்டில் ஒரு மருத்துவச்சியை மட்டும் வைத்துக்கொண்டு பெற்றவர்களின் பயம் அது. பிள்ளை அடைத்துக்கொண்டால் சாவுதான் என்று பார்த்தவர்கள். அந்தக் காலம் போய்விட்டது, பயம் மட்டும் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு பக்கம் "ரெண்டு உசுரு, ரெட்டையா தின்னு" என்பதும் சரியில்லை. தேவைப்படுவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 கலோரி கூடுதல். ஒரு கிண்ணம் சோறு, ஒரு முட்டை, ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலை, அவ்வளவுதான். இந்த ஒரு கைப்பிடிகூடச் சேராத வீடு இருக்கிறது. சேருகிற வீட்டிலும் ஆம்பளைக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துத் தின்கிறவள் அவள்தான். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வந்து முதல் பந்தியில் உட்காரும் தோழர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

கலோரியைவிடப் பெரிய பிரச்சனை புரதம். நடு மூன்று மாதத்தில் தினமும் 9.5 கிராம், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் கூடுதலாக வேண்டும். ரேஷனில் 2011-லிருந்து இலவச அரிசி கொடுத்தார்கள், நல்லது, பசி அடங்கியது. பருப்பு? குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ. முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 33 கிராம், அதில் புரதம் ஏழு கிராம். ஐந்து பேர் சாப்பிட்டால் ஆளுக்கு ஒன்றரை கிராம். அந்த 22 கிராமை இந்தத் தண்ணிச் சாம்பாரில் எங்கே தேடுவது?

தேடவே வேண்டாம், நம்மிடம் இருக்கிறது. நூறு கிராம் மாட்டுக்கறியில் 20 கிராமுக்குக் குறையாத புரதம். அதிலுள்ள இரும்பு, கீரையில் இருக்கும் இரும்பைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். கறிக்கடையில் விலையும் ஆட்டுக்கறியோடு ஒப்பிட்டால் குறைவு. நன்றாக வேகவைத்துத் தின்றால் எந்தக் குறையும் இல்லை. 'சூடு' என்று பயப்பட ஒன்றுமில்லை. (ஈரலை மட்டும் எப்போதாவது கொஞ்சம் என்று வைத்துக்கொள்ள வேண்டும், அதில் வைட்டமின் ஏ ரொம்ப அதிகம்.) கருவாடு, நெத்திலி, முருங்கைக்கீரை, நூறு கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் வைத்திருக்கும் கேழ்வரகு எல்லாமே சேரிச் சமையலில் இருப்பதுதான். ரத்தக் கொதிப்பு இருந்தால் கருவாட்டு உப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தச் சாப்பாட்டைச் சொல்ல வாய் வர மாட்டேன் என்கிறது. என் சித்தி மகளை ஆறாம் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எட்டு பாயிண்ட். நர்ஸம்மா "பால் குடிக்கிறியா, பழம் சாப்புடுறியா, வேற என்னதான் சாப்புடுற?" என்று அதட்டினார். இவள் "சோறு, கொழம்பு" என்றாள். முந்தின நாள் கறி தின்றவள். வெளியே வந்து, "ஏன்டி சொல்லல?" என்றேன். "மாட்டுக்கறின்னு சொன்னா அப்புறம் என்னத் தொட்டுப் பாப்பாங்களாக்கா?" என்றாள். அங்கே சுவரில் ஒட்டியிருந்த உணவுப் படத்தில் பால், தயிர், ஆப்பிள், கேரட், ஆரஞ்சு. கறி இல்லை. படமே அவளுக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டது.

மாட்டுக்கறி விழா நடத்தினோம். 2012-ல் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில், 2017-ல் சென்னை ஐ.ஐ.டி.யில். அங்கே கலந்துகொண்ட மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார். அந்த அரசியல் தேவை, சந்தேகமில்லை. ஆனால் வளாகத்தில் உரிமையாக இருக்கிற கறி, படித்து வேலைக்குப் போய் டவுனில் வீடு பிடித்த நம் வீடுகளிலேயே ரகசியமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்கு வாசனை போய்விடுமாம். மருமகள் மாசமாக இருக்கும்போது அந்த வீட்டில் நெய்யும் பாதாமும்தான்.

குங்குமப்பூவுக்கு வருகிறேன். பிள்ளை சிவப்பாகப் பிறக்க அது. நாவல்பழம் தின்றால் கருப்பாகப் பிறக்குமாம். இந்த விஷம் எதுவரை போகிறது தெரியுமா? இரும்புச் சத்து மாத்திரை போட்டாலும் கருத்துப்போகும் என்று மாத்திரையைக் கொல்லையில் வீசுகிற பெண்கள் இருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதியை ஒட்டி. நிறத்தின் மேல் சாதி ஏற்றிவைத்த அசிங்கத்துக்காக நம் பெண்கள் பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாக வேண்டுமா? நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை, 180 நாள். டீயோடு சேர்த்துப் போடக் கூடாது, டீ இரும்பைச் சேரவிடாது. எலுமிச்சைத் தண்ணீரோடு போடலாம். மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பிள்ளை எந்த நிறத்தில் வருமோ அந்த நிறத்தில் வரும்.

நகரத்துக் கதை வேறு. பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் தூக்கிப் போடப்பட்டவர்களில், எடை ஏறாதவர்களோடு அளவுக்கு மீறி ஏறினவர்களும் உண்டு. காலையில் சர்க்கரை டீ, பன்னு, மத்தியானம் ரேஷன் சோறு, ராத்திரி பரோட்டா. வயிறு நிறைகிறது, சத்து இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இங்கேதான் பிடிக்கிறது. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து ரெண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் எடுக்கலாம். சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னின்று பரப்பிய முறை இது, கூலிக்குப் போகிறவளுக்குத் தோதானது. ஆனால் "சோத்தைக் குறை" என்று சொல்லி அனுப்பிவிட்டால் முடிந்துவிட்டதா? குறைத்த இடத்தில் எதை வைப்பது என்று யார் சொல்வது? கர்ப்பத்தில் பட்டினி போட்டு இளைக்கக் கூடாது. டீயில் சர்க்கரையைக் குறைத்து, சோற்றில் பாதியை எடுத்து அந்த இடத்தில் சுண்டல், முட்டை, மீன், கீரை வைக்க வேண்டும். ஒன்று கவனியுங்கள்: ஒரே வாரத்தில் எடை திடீரென்று ஏறி, முகம் வீங்கி, தலைவலியும் இருந்தால் அது சாப்பாட்டால் வந்ததல்ல. அன்றைக்கே ரத்தக் கொதிப்பு பார்க்க வேண்டும்.

1928-ல் பம்பாய் சட்டசபையில் பேறுகால உதவி மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் செலவை அரசும் சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். 2017-ல் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கினார்கள். களை எடுக்கிறவளுக்கும் செங்கல் அறுக்கிறவளுக்கும் அதில் ஒரு நாள்கூட இல்லை. தமிழ்நாட்டில் 1987-லிருந்து முத்துலட்சுமி ரெட்டி பெயரில் திட்டம். 2018-ல் 18,000 ரூபாய் ஆனது, அதில் 4,000 ரூபாய்க்குப் பொருள்: சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், டானிக். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 19 வயது ஆகியிருக்க வேண்டும், முதல் ரெண்டு பிரசவத்துக்குத்தான் என்று விதி வைத்தார்கள். பதினெட்டில் கட்டிக்கொடுக்கப்பட்டவளும் மூணாவது பிள்ளையைச் சுமக்கிறவளும்தான் அதிகம் இளைத்துப்போனவர்கள். அவர்களைத்தான் வெளியே நிறுத்தியது அந்த விதி. அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் வகைவகையாகக் கலவை சாதம் போடுகிறார்கள். எத்தனை வகையானாலும் அரிசிதானே! ஒரு முட்டை வைத்தால் தீட்டா?

கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குத் தினம் ஒரு முட்டை. சுவர்ப் படத்தில் மாட்டுக்கறியும் கருவாடும். வயசையும் பிள்ளை எண்ணிக்கையையும் கேட்காத உதவித்தொகை. ஏழாம் மாதத்திலிருந்து கூலி இழப்புக்குப் பணம். மாணவத் தோழர்கள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது தெருவில் எத்தனை பேர் மாசமாக இருக்கிறார்கள், அட்டையில் என்ன எடை, ரத்தம் எத்தனை பாயிண்ட், நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். கறி என்று சொன்னால் கறி என்றே எழுதுங்கள்.