ராசி பார்த்தது போதும், பட்டை தீட்டியதைப் பாருங்கள்



தை பிறக்கப் போகிறது. கல்யாணப் பத்திரிகைகளோடு போன்களும் வரத் தொடங்கிவிட்டன. "சார், பொண்ணுக்கு வைரத்தோடு எடுக்கணும், எந்தக் கடை நல்ல கடை?" கடையைப் பற்றிக் கேட்கிறீர்கள். கல்லைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கத்திரிக்காயைக் கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொத்தை ஒதுக்குகிறோம். லட்சக்கணக்கில் கொடுக்கும் வைரத்தை மட்டும் மூன்று நாள் வீட்டில் வைத்து ராசி பார்க்கிறோம். கெட்ட கனவு வந்தால் திருப்பிக் கொடுக்கிறோம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்து ஒரு நிமிடம் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை.

கடைக்காரர் சொல்லும் மந்திரம் 'விவிஎஸ், இஎஃப்'. முதலாவது கல்லின் உள்ளே உள்ள குறைகளைப் பற்றியது. விவிஎஸ் என்றால் பத்து மடங்கு லென்ஸில் தேர்ந்த நிபுணருக்கே சிரமப்பட்டுத் தெரியும் அளவு சின்னக் குறை. அதற்கு அடுத்த விஎஸ் கல்லையும் இதையும் பக்கத்தில் வைத்தால் வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டாவது நிறம். டி-யில் தொடங்கி இசட் வரை போகப் போக மஞ்சள் கூடும். 'புளூ ஜாகர்' என்பது இந்தப் பட்டியலிலேயே கிடையாது. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த பழைய வியாபாரச் சொல் அது.

ஜொலிப்பைத் தீர்மானிப்பது கட்டிங். பன்னிரண்டாம் வகுப்பில் முழு அக எதிரொளிப்பு நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. மாறுநிலைக் கோணம் சுமார் 24 டிகிரி. கண்ணாடிக்கு 42. அதனால்தான் வைரத்துக்குள் போன வெளிச்சம் எளிதில் தப்பாமல் உள்ளேயே மோதி மேலே திரும்புகிறது. பட்டைகளின் கோணம் தப்பினால், கல் ஆழம் குறைந்தோ கூடியோ போனால், வெளிச்சம் அடியில் ஒழுகிவிடும். விவிஎஸ்ஸாக இருந்தாலும் கல் மங்கித்தான் தெரியும். அதிகக் காசு கொடுத்துக் கண்ணுக்குத் தெரியாததை வாங்கிவிட்டு, கண்ணுக்குத் தெரிவதைக் கேட்காமல் வருகிறோம்!

எடைக் கணக்குக்கு வாருங்கள். ஒரு காரட் 0.2 கிராம், அதாவது 100 சென்ட். ஒரு காரட்டில் ஒரே கல்லும், பத்து சென்ட் கல் பத்தும் எடையில் ஒன்றுதான், விலையில் ஒன்றல்ல. பெரிய கல்லுக்குக் காரட் விலையே கூடும். ஏழு கல் தோட்டில் மொத்த எடையை மட்டும் கேட்டால் போதாது. ஒவ்வொரு கல்லும் எத்தனை சென்ட் என்று கேளுங்கள். பின்பக்கம் மூடிய செட்டிங் என்றால் பதிக்கும் முன்பே கல்லைப் பாருங்கள்.

"ஹால்மார்க் இருக்கே சார்?" அந்த முத்திரை தங்கத்துக்கு. கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தையும் பேசாது. கடையே அச்சடித்துக் கொடுக்கும் அட்டை, மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போல. ஜிஐஏ, ஐஜிஐ போன்ற, கடைக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகத்தின் அறிக்கையைக் கேளுங்கள். அறிக்கை எண்ணை அவர்கள் இணையதளத்தில் சரிபாருங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான், அதே கார்பன்தான். வாங்குவதில் தப்பில்லை. ஆனால் விலை மிகவும் குறைவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணோ லென்ஸோ சொல்லாது, கருவி வேண்டும். கண்ணாடியைக் கீறிப் பார்க்கும் சோதனையும் வேண்டாம். சாதாரணப் படிகக்கல்லே கண்ணாடியைக் கீறும்.

தங்கம் போல வைரத்துக்குத் தினசரி ஊர் அறிந்த விலை கிடையாது. ஆகவே 'சேமிப்பு' என்று சொல்லிப் பெண்ணைப் பெற்றவரின் பி.எஃப். பணத்தைக் கரைக்காதீர்கள், சம்பந்திகளே. ஆசைக்கு வாங்குங்கள், அளவோடு வாங்குங்கள்.

பில்லில் இவை தனித்தனியாக இருக்கட்டும்: கல் போக தங்கத்தின் எடை, கற்களின் எண்ணிக்கை, காரட், நிறம், தெளிவு, கட்டிங், இயற்கையா வளர்த்ததா, திரும்ப எடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள்.

"மூணு தலைமுறையா நம்பிக்கையான கடை சார்" என்பீர்கள். நல்லது. நம்பிக்கையான கடை எழுதிக் கொடுக்கத் தயங்காது. தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கல்யாண வீடுகளுக்கு இதை அனுப்புங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், வகுப்பில் போலவே பதில் சொல்வேன்.

ஆசிகளுடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்