கவாத்து முடிந்த பின்

கொழும்பு கொம்பனித் தெருப் பகுதியில் மலாய் வீதி, றைபிள் வீதி, ஜாவா ஒழுங்கை என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. அவ்வழியே என்னுடன் நடந்து வந்த மாணவன் ஒருவன், "இந்த றைபிள் படை என்ன செய்தது, சேர்?" என்று வினவினான். பல்லாண்டு வரலாறு கற்பித்த பழக்கத்தால், 1803ஆம் ஆண்டுக் கண்டிப் படையெடுப்பு, 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி, 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி என்று அப்படையும் அதன் முன்னோடிகளும் ஈடுபட்ட போர்களை அடுக்கினேன். "அவை சில மாதங்கள்தானே, சேர்? மற்ற ஆண்டுகளில் என்ன செய்தார்கள்?" என்றான் அவன். எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. நமது பாடநூல்களிலும் விடை இல்லை.

காவற்படைச் சிப்பாயின் வாழ்வில் போர் அருகிய நிகழ்ச்சி. காத்திருத்தலே நித்திய கருமம். காலைக் கவாத்தும் காவல் முறையும் போக எஞ்சிய பொழுதை அவன் எவ்வாறு போக்கினான் என்பதிலேதான் அவனுடைய மனித வாழ்வு அடங்கியுள்ளது. இங்கிருந்த ஆங்கிலச் சிப்பாய்களைப் பொறுத்தவரை, அந்தப் பொழுதின் பெரும் பகுதியைச் சாராயமே விழுங்கியது. பீரங்கிப் படையில் ஊழியம் செய்த அலெக்சாந்தர் அலெக்சாந்தர் என்பவரின் வாழ்க்கை வரலாறு 1830இல் அச்சேறியது. அதைப் படிப்போர் குடியையும் கசையடியையும் மாறி மாறிக் காண்பர். வீடும் உறவும் கடலுக்கு அப்பால் இருக்க, வெப்பமும் நோயும் வாட்ட, குடியில் ஆறுதல் தேடிய ஏழைகள் அவர்கள். அவர்களை இகழ நான் விரும்பவில்லை.

மலாய்ச் சிப்பாய்களின் நிலையோ வேறு. ஜாவா, மதுரா முதலிய தீவுகளிலிருந்து ஒல்லாந்தர் கொணர்ந்த அவர்கள், 1796இல் ஒல்லாந்தர் சரணடைந்தபின் ஆங்கிலேயரின் படையிற் சேர்ந்தனர். இலங்கை றைபிள் படை எனப் பின்னர் பெயர்பெற்ற அவர்களுடைய படை 1873இல் கலைக்கப்பட்டது. மனைவி மக்களோடு படை முகாமிலும் அதன் அயலிலும் வாழ்ந்த சமுதாயம் அது. தந்தையின் வழியில் மைந்தனும் படையிற் சேர்வான். படைக்கெனப் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே ஆங்கிலத்தோடு மலாயும் கற்பிக்கப்பட்டது. 19ஆம் காலாட்படையைச் சேர்ந்த றொபேட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில், மலாயரைச் சீற்றமும் பழிவாங்கும் குணமும் உடையோராகச் சித்திரித்தார். அவர்களது இடையிற் செருகிய கத்தி அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஓய்வு வேளையில் அவர்கள் கையிலெடுத்த எழுதுகோல் தெரியவில்லை.

அந்த எழுதுகோலைப் பற்றியே நான் கூற வந்தேன். அரபு லிபியில் மலாய் மொழியை எழுதும் முறையை இங்குள்ள மலாயர் 'குண்டுல்' என்பர். அவ்வெழுத்தில் நபிமார் வரலாறுகளையும், வீரக் கதைகளையும், 'ஷாயிர்' எனப்படும் செய்யுள் நூல்களையும் சிப்பாய்கள் தம் கையாற் பிரதி செய்தனர். பெயரோடு படைப்பதவியையும் ஊரையும் ஏட்டில் குறித்துவைத்தோரும் உளர். 'ஹிகாயத் இந்திர குறைஷி' போன்ற ஒரு நீண்ட கதையைப் பிரதி செய்து முடிக்க எத்தனை மாலைப் பொழுதுகள் வேண்டியிருந்திருக்கும்! 1819இல் கொழும்பில் மலாய்ச் சிப்பாய்களுக்கும் வங்காள வொலன்டியர் படையினருக்கும் இடையே மூண்ட கைகலப்பைக் கூட ஒருவர் ஷாயிராகப் பாடிவைத்தார். தளபதிகளின் வெற்றியை அன்று, சிப்பாய்களின் சண்டையைப் பாடிய நூல் அது. மன்னரின் ஆதரவோ மடத்தின் ஆதரவோ இன்றி, சம்பளக்காரச் சிப்பாய் தன் ஓய்வைக் கொடுத்து வளர்த்த இலக்கியம் இதுவாகும்.

"அந்நியன் ஆட்சிக்குத் துப்பாக்கி தூக்கிய கூலிப்படையின் பொழுதுபோக்கைப் போற்றுவதா?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஊவாவிலும் மாத்தளையிலும் எழுந்த மக்களை அடக்கும் ஏவலுக்கு அப்படை உட்பட்டதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், ஏவலுக்குச் சுட்ட மனிதனே மாலையில் விளக்கின் முன் அமர்ந்து கதை எழுதினான். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது அரை வரலாறு. துரைத்தனம் அவனுடைய பகற்பொழுதை வாங்கியிருந்தது. மாலைப்பொழுது அவனுடையதாகவே இருந்தது.

தமிழர்க்கும் இதில் பங்குண்டு. தமிழ் பேசும் முஸ்லிம்களோடு மணவுறவு கொண்ட மலாயரிடையே அரபுத் தமிழ் நூல்களும் பயின்றன. இலங்கை மலாயின் வாக்கிய அமைப்பிலும் வேற்றுமை உருபுகளிலும் தமிழின் சாயலை மொழிநூலார் எடுத்துக்காட்டுவர். நம் அயல்வீட்டு இலக்கியத்தை நாம் எட்டியும் பார்த்தோமில்லை.

1869இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய்ப் பத்திரிகையை வெளியிட்டார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. நான்கு ஆண்டுகளில் படையும் கலைந்தது. சிப்பாய்களின் வழிவந்தோர் பொலிசுக்கும், தீயணைப்புப் படைக்கும், மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் பிரிந்து சென்றனர். படைப் பள்ளிக்கூடமும், கூடி வாழ்ந்த முகாமும், அந்த மாலைப் பொழுதும் ஒருங்கே போயின. காலப்போக்கில் எழுத்தும் மறந்தது. இன்று பல வீடுகளில் பாட்டனாரின் ஏடு பட்டுத் துணியில் இருக்கிறது. அதை வாசிக்க வல்லார் அவ்வீட்டில் இல்லை.

அறிஞர் பி. ஏ. ஹுசைன்மியா தேடித் தொகுத்தவை தேசிய சுவடிக்கூடத்தைச் சேர்ந்தன. பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன் இந்த நூற்றாண்டில் பல ஏடுகள் மின்படமாக்கப்பட்டன. ஆகவே ஏடு அழிந்துவிடும் என்ற அச்சம் ஓரளவு குறைந்தது. வாசிப்போர் இல்லையே என்பதுதான் என் கவலை. ஒரு மொழியின் இலக்கியத்தை விழாவும் மேடையும் மட்டும் காப்பாற்றிவிடமாட்டா. உழைத்துக் களைத்தவர்கள் மாலையில் ஒன்றுகூடி வாசிக்கும் வழக்கம் இருக்கும் வரையில்தான் அது உயிரோடு இருக்கும். தமிழ் வாசிப்பும் இவ்விதிக்கு விலக்கன்று என்பது என் துணிபு.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டைகளைக் காட்ட மாணவரை அழைத்துச் செல்லும்போது, அளவெடுக்கப் பீரங்கியிடம் மட்டும் நிற்க வேண்டாம். மலாய்ப் பெரியவர் ஒருவரின் வீட்டுக்கும் சென்று, அவர் மனமிசைந்தால் அந்தப் பட்டுத் துணியை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். என் மாணவனின் கேள்விக்குரிய விடை அங்கேதான் இருக்கிறது. அடுத்த மாதம் அவனை அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன்.