எங்கட கடவுச்சொல் உங்கட எக்செல் கோப்பில் ஏன்?

தோழர்களே,

ஒஸ்லோவில் இயங்கும் எங்கட சங்கம் ஒன்றின் தளத்தில் கடவுச்சொல்லை மறந்துபோனேன். "மறந்துவிட்டது" என்று அழுத்த, இரண்டு நிமிஷத்தில் மின்னஞ்சல் வந்தது: நான் நாலு வருஷத்துக்கு முதல் போட்ட அதே கடவுச்சொல், எழுத்துக்கு எழுத்து. பக்கத்தில் இருந்த தங்கச்சி, "நல்ல கெட்டிக்கார சிஸ்டம்" என்றாள். இல்லை. என்ர கடவுச்சொல்லை எனக்கே திருப்பி அனுப்ப முடிந்தால், அதைத் திறந்து வாசிக்கவும் அவையளால் ஏலும். விசாரித்தால், எல்லாமே ஒரு எக்செல் கோப்பில், நிர்வாகத்தில் ஏழெட்டுப் பேர் கையில்.

எப்படி இருக்க வேணும்? அரிசியை மாவாக்கினால் திரும்ப அரிசியாக்க ஏலாது. ஹாஷ் என்பது அதுதான். தளம் மாவை மட்டும் வைத்திருக்கும். நீங்கள் உள்நுழையும்போது தருவதை மறுபடி அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கும். ஆளாளுக்கு வேறு 'சோல்ட்' சேர்த்தால், ஒரே கடவுச்சொல் வைத்திருக்கிற இரண்டு பேரின் மாவும் வேறு வேறாக இருக்கும். பிகிரிப்ட், ஆர்கன்2 போன்றவை வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும்; திருடியவன் ஊகித்து ஊகித்துக் களைக்க வேணும். இவை இலவசம். பிகிரிப்ட் வந்தது 1999இல். காசில்லை என்ற சாட்டு எடுபடாது.

"அரசாங்கம் கவனமாத்தானே இருக்கும்" என்பவர்களுக்கு: பேர்கன் மாநகரசபை 35,000க்கும் மேற்பட்டவர்களின் பயனர்பெயர், கடவுச்சொல் கோப்புகளைப் பாதுகாப்பில்லாமல் விட்டிருந்தது. பெரும்பாலானோர் பள்ளிப் பிள்ளைகள். உள்ளே இருந்தே ஒருவர் எச்சரித்திருந்தும் கேட்கவில்லை. 2019இல் தரவுப் பாதுகாப்பு ஆணையமான டாத்தாதில்சீனே 16 லட்சம் குரோனர் தண்டம் போட்டது. அதே வருஷம் பேஸ்புக்கும் கோடிக்கணக்கான கடவுச்சொற்களை மறைக்காமல் வைத்திருந்ததை ஒத்துக்கொண்டது. 2024 செப்டம்பரில் அயர்லாந்து ஆணையம் மெட்டாவுக்கு 9.1 கோடி யூரோ தண்டம் விதித்தது.

மெட்டாவைத் திட்டுவது சுகம். மூலதனம் எங்கட தரவைச் சரக்காக்குது என்று கூட்டத்தில் பேசுவம். கூட்டம் முடிய, வந்தவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், கடவுச்சொல் எல்லாத்தையும் ஒரே கோப்பில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புவம்.

"நாங்கள் சின்னச் சங்கம், எங்களை ஆர் ஹக் பண்ணப் போகினம்?" இந்தக் கேள்வியை எங்கட ஆட்கள் கேட்கிறதுதான் எனக்கு விளங்கவில்லை. 1983 யூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளைத் தேடி வந்ததை எங்கட அம்மாக்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 2014 மார்ச்சில் இலங்கை அரசு 16 அமைப்புகளையும் 424 பேரையும் வர்த்தமானியில் போட்டுத் தடைசெய்தது. அதில் புலம்பெயர் அமைப்புகள் பல. பட்டியல் என்றால் என்ன என்று எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒருவரின் சங்கக் கடவுச்சொல்லே அவரின் மின்னஞ்சல் கடவுச்சொல்லாகவும் இருந்தால், அந்தக் கோப்பு கசிந்த அன்றே அவர் ஊரில் யாரோடு கதைக்கிறார் என்பதும் கசியும். விலை கொடுக்கப்போவது குரூருடாலனில் இருக்கிற நாங்கள் இல்லை. கிளிநொச்சியில் இருக்கிற மாமி.

இதைத் தொண்டர்களின் கவலையீனம் என்று விட ஏலாது. அடுத்தவரின் பாதுகாப்பை ஆர் எவ்வளவு மதிக்கினம் என்பது அரசியல்.

ஆகவே, நீங்கள் இருக்கிற ஒவ்வொரு சங்கத்தின் அடுத்த கூட்டத்திலும் இதைக் கேளுங்கள். கடவுச்சொல் ஹாஷ் செய்யப்பட்டிருக்கா? அந்த எக்செல் கோப்பு எப்ப அழியும், அதன் நகல்கள் ஆரிடம் இருக்கு? தேவையில்லாத விபரங்களை ஏன் வாங்குறீங்கள்? கசிவு தெரியவந்தால் 72 மணித்தியாலத்துக்குள் ஆணையத்துக்கு அறிவிக்க வேணும் என்ற சட்டம் தொண்டர் சங்கத்துக்கும் பொருந்தும் என்று நிர்வாகத்துக்குத் தெரியுமா?

"தம்பி, உனக்கென்ன தெரியும்" என்பினம். சொல்லட்டும். பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். அதுக்கு முதல், இண்டைக்கே உங்கட மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாத்துங்கோ.

தோழமையுடன்.