ஓய்வும் பயிற்சியே

பள்ளி விளையாட்டு விழாவுக்கோ காவலர் உடற்திறன் தேர்வுக்கோ ஆயத்தமாகும் இளைஞர் பலர், கால்கள் நோகும்போதும் ஓடுவதையே விடாமுயற்சி எனக் கருதுகின்றனர். ஓய்வெடுப்பது சோம்பல் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் திருத்தத்தக்கது.

பழகாத அளவு ஓடினாலும், சரிவில் வேகமாக இறங்கினாலும் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அதனால் எழும் வலி உடனே தோன்றுவதில்லை. 24 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சமடைகிறது. லாக்டிக் அமிலமே இதற்குக் காரணம் என்பர் பலர். அவ்வமிலமோ ஓட்டம் முடிந்த ஓரிரு மணி நேரத்தில் குருதியிலிருந்து நீங்கிவிடுகிறது. சிதைந்த இழைகளைச் செப்பனிட்டு முன்னினும் உறுதியாக்க உடலுக்குத் தேவைப்படுவது ஓய்வே.

ஓய்வு என்பது முடங்கிக் கிடப்பதன்று. மெல்ல நடத்தல், போதிய நீர், பருப்பு, முட்டை போன்ற புரத உணவு, 8 முதல் 10 மணி நேர உறக்கம் ஆகியவை அதனுள் அடங்கும். எலும்பில் ஓரிடத்தில் மட்டும் வலி நிலைத்தாலோ, சிறுநீர் கரும்பழுப்பாக மாறினாலோ உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

‘தேர்வு நெருங்குகையில் ஓய்வெடுத்தால் பின்தங்கிவிட மாட்டோமா?’ எனச் சிலர் வினவலாம். ஓரிரு நாள் ஓய்வினால் பெற்ற திறன் குன்றிவிடாது. வலியைப் புறக்கணித்து எலும்பில் விரிசல் கண்டாலோ, பல வாரப் பயிற்சியும் தேர்வுமே கைநழுவக்கூடும். எனவே, பயிற்சி அட்டவணையில் ஓட்ட நாள்களைக் குறிக்கும் மாணவர் ஓய்வு நாளையும் தவறாது குறித்தல் வேண்டும்.